மானியம் யாருடைய பெயரில்?

"பிள்ளை, வயலுக்குள்ள நிண்டு குனியிறது நான். காசு மட்டும் இவற்ற தமையன்ர புத்தகத்துக்குப் போகுது."

வன்னியில் ஒரு குளத்தின் கீழ் இரண்டு ஏக்கர் வயல் செய்யும் அக்கா ஒருவர் என்னிடம் இப்படிச் சொன்னார். அவருடைய கணவர் 2009இல் காணாமற்போனவர். காணி அனுமதிப்பத்திரம் கணவரின் பெயரில் இருக்கிறது. மீள்குடியேறி வந்தபோது, கமநல சேவை நிலையத்தில் பயிர்செய்பவராகக் கணவரின் தமையனார் பதிந்துகொண்டார். அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை. 50 கிலோ பசளை மூட்டை மானிய விலையில் 350 ரூபாவுக்குக் கிடைத்த காலம் அது. யார் பெயரில் எடுத்தாலும் மூட்டை வயலுக்குத்தானே வரவேண்டும்? கண்ணால் காணலாம், எண்ணலாம்.

2016இல் மூட்டைக்குப் பதிலாகக் காசு வங்கிக் கணக்குக்கு வரத் தொடங்கியது. 2018இல் மீண்டும் மூட்டை, 500 ரூபாவுக்கு. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியையே தடைசெய்து, அந்த வருடம் முடியுமுன் தடையை நீக்கினார்கள். பிறகு மறுபடியும் காசு. 2024/25 காலபோகத்தில் நெல்லுக்கு ஹெக்டயருக்கு 25,000 ரூபா. அக்காவின் வயலுக்கு ஏறக்குறைய 20,000 வரும். காசு மூட்டையைப் போலக் கண்ணில் படாது. தமையனார் கெட்ட மனிதர் அல்லர். உழவுக் கூலிக்குக் கழித்துவிட்டேன் என்கிறார். கழித்த கணக்குத்தான் அக்காவுக்குத் தெரியாது.

"மரணச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு வாங்கோ, மாற்றலாம்" என்று ஓர் அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள். அக்கா அன்றே திரும்பி வந்துவிட்டார். "அவர் இல்லையெண்டு நானே கையெழுத்து வைக்கிறதோ?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. பல்கலைக்கழகத்தில் பெண் தலைமைத்துவக் குடும்பங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். விவசாயக் காணிப் பதிவேட்டில் உரிமையாளர் ஒருவராகவும் பயிர்செய்பவர் வேறொருவராகவும் இருக்கலாம் என்பதை அந்த அக்காவுடன் அலைந்த பிறகே அறிந்தேன்.

காணி உரிமையை மாற்றுவது வேறு, பயிர்செய்பவராகப் பதிவது வேறு. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் பின்னுரித்தில் ஆண்களுக்கே முன்னுரிமை கொடுத்திருந்தது. 2022இல்தான் அது திருத்தப்பட்டது. காணாமற்போனவரின் குடும்பம் மரணச் சான்றிதழ் எடுக்காமலே, அவர் காணாமற்போயிருப்பதை உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெற 2016ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வழிசெய்திருக்கிறது. இது நம்மில் பலருக்கு இன்னும் தெரியாது.

இந்தப் பத்தியை வாசிக்கும் சகோதரிகளில் வயல் செய்பவர்கள், காலபோகக் கூட்டத்துக்கு முன்னரே கமநல சேவை நிலையத்துக்குப் போய், உங்கள் வயலுக்கு நேரே யாருடைய பெயர் இருக்கிறது என்று வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கமக்காரர் அமைப்பில் உங்கள் பெயரிலேயே அங்கத்தவராகுங்கள். வங்கிப் புத்தகமும் உங்கள் பெயரில் இருக்கட்டும். மகனுடையதைக் கொடுத்துவிட்டுப் பிறகு அவனிடம் கேட்டு நிற்கவேண்டாம்.

அக்காவின் விடயத்தில் கிராம அலுவலரின் கடிதமும் தமையனாரின் சம்மதமும் தேவைப்பட்டன. தமையனார் இரண்டு கிழமை பேசாமல் இருந்தார். பிறகு தானே வந்து கையெழுத்து வைத்தார். பதிவு முடிந்த அன்று அக்கா என்னிடம் ஒன்றை மட்டுமே கேட்டார்: "இவற்ற பேரை வெட்டேல்லைத்தானே?"

வெட்டவில்லை. உரிமையாளராக அவர் பெயர் அப்படியே இருக்கிறது. பயிர்செய்பவராக இப்போது அக்காவின் பெயர்.