41-ஆம் நம்பர் வீட்டுச் சேலையும் ஜாவாஸ்கிரிப்ட் 'மேப்'பும்



'மேப்' என்றதும் வகுப்புச் சுவரில் தொங்கிய தேசப்படம் ஞாபகம் வரும். நான் சொல்வது வேறு. எங்கள் தாத்தா வெளுக்கப் போடும் துணியின் ஓரத்தில் சேங்கொட்டைச் சாற்றால் குறி போடுவார். ரெண்டு புள்ளி, ஒரு கோடு என்றால் இன்ன வீடு. எழுத்து தெரியாத மனிதர், குறியைப் பார்த்ததும் வீட்டைச் சொல்லிவிடுவார். குறிதான் 'கீ', வீடுதான் 'வேல்யூ'. அதே குறியை இன்னொரு வீட்டுக்கும் போட்டால் முதல் வீடு போச்சு! புரோகிராமிலும் இதே கதைதான்.

அப்பா இஸ்திரி வண்டி வைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். படித்ததற்கு அடையாளமாக, அப்பாவின் செல்போனில் ஓடுகிற மாதிரி ஒரு வெப் பக்கம் செய்து கொடுத்தேன். வீட்டு நம்பரையும் துணி எண்ணிக்கையையும் தட்டினால், முதலில் வந்ததை முதலில் காட்ட வேண்டும். சாதாரண ஆப்ஜெக்ட்டில்தான் எழுதினேன். சோதிக்கும்போது நம்பருக்குப் பதில் நண்பர்கள் பெயரைப் போட்டுப் பார்த்தேன். போட்ட வரிசையிலேயே வந்தது. அங்கேதான் ஏமாந்தேன்.

ஒரு நாள் காலையில் 41-ஆம் நம்பர் வீட்டு அம்மா, மகள் நிச்சயதார்த்தத்துக்கான பட்டுச்சேலையை முதல் ஆளாகக் கொடுத்துவிட்டுப் போனார். அப்புறம் 12, அப்புறம் 7. போன் காட்டியதோ 7, 12, 41. வழக்கமாக அப்பா மூட்டைகளை வந்த வரிசையில் அடுக்குவார். போன்தான் இருக்கிறதே என்று அன்றைக்கு அடுக்கவில்லை. அந்த அம்மா வந்து நின்றபோது சேலை மூட்டைக்குள்ளேயே இருந்தது. அப்பா என்னைத் திட்டவில்லை. "நீ காட்டுன வரிசையிலதானப்பா தேய்ச்சேன்" என்றார்.

காரணம் இதுதான். ஆப்ஜெக்ட்டில் கீ முழு எண்ணாக இருந்தால், எப்போது போட்டாலும் சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணாகத்தான் வெளியே வரும். மற்ற பெயர்கள் அதற்குப் பின்னால், போட்ட வரிசையில் வரும். அது பிழை இல்லை, மொழியின் விதியே அப்படி. எக்மாஸ்கிரிப்ட் 2015 பதிப்பில் வந்த 'மேப்'பில் இந்தத் தொல்லை கிடையாது. எண்ணோ பெயரோ, போட்ட வரிசை போட்டபடி நிற்கும். போட 'செட்', எடுக்க 'கெட்', இருக்கிறதா என்று பார்க்க 'ஹாஸ்', நீக்க 'டெலிட்'.

மாற்றி எழுதிய பிறகும் இடறினேன். பெட்டியில் தட்டுகிற 41 எண் அல்ல, ஸ்ட்ரிங். ஆப்ஜெக்ட் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். மேப் அப்படியில்லை. ஸ்ட்ரிங்காகப் போட்டுவிட்டு எண்ணாகக் கேட்டால் 'அன்டிஃபைன்ட்' என்று கைவிரித்துவிடும். இன்னொன்று, ஏற்கெனவே உள்ள கீக்கு மறுபடி 'செட்' கொடுத்தால் வேல்யூ மட்டும்தான் மாறும், இடம் மாறாது. துணியைக் கொடுத்து முடித்த வீட்டை 'டெலிட்' செய்யாமல் விட்டால், மறுநாள் கடைசியாக வந்தாலும் அது முதலிலேயே நிற்கும். என்னை ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவிடாதது ஜேசன். மேப்பை நேராக ஜேசனாக மாற்றிச் சேமித்தால் வெறும் அடைப்புக்குறி ரெண்டுதான் மிஞ்சும், கணக்கு எல்லாம் காலி. முதலில் மேப்பை அர்ரேயாக்கிச் சேமிக்க வேண்டும். திறக்கும்போது அந்த அர்ரேயிலிருந்து புது மேப் செய்துகொள்ளலாம்.

இப்போது பக்கம் ஒழுங்காக ஓடுகிறது. அப்பா நம்பரைத் தட்டுகிறார், மூட்டைகளையும் வந்த வரிசையில் அடுக்குகிறார். 41-ஆம் நம்பர் வீட்டிலிருந்து மட்டும் இன்னும் துணி வரவில்லை.