கருந்துளையும் நியூட்டனின் கணக்கும்

மேல்நோக்கி எறிந்த கல் திரும்பி விழுகிறது. வினாடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகத்தில் எறியப்படுமாயின், காற்றின் தடையை நீக்கிப் பார்த்தால், அது மீள்வதில்லை. இதனை விடுபடு வேகம் என்பர். கருந்துளையைப் பற்றிய பாடத்தை இங்கிருந்தே தொடங்கலாம். சார்புக் கொள்கையின் கடினமான கணிதத்திற்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை.

ஜான் மிச்செல் என்னும் ஆங்கிலப் பாதிரியார் 1783-ல் இவ்வழியே சென்றார். அடர்த்தி மாறாதிருப்பின், விடுபடு வேகம் விட்டத்திற்கு நேர்விகிதத்தில் வளரும். சூரியனில் அது வினாடிக்கு 618 கிலோமீட்டர். ஆகவே, சூரியனைப்போல் 500 மடங்கு விட்டமுள்ள விண்மீனில் அது ஒளியின் வேகமாகிய 3 இலட்சம் கிலோமீட்டரைத் தாண்டும். அதன் ஒளி நம்மை வந்தடையாது. 1796-ல் பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸும் இதையொத்த முடிவை வெளியிட்டார்.

பொருளைப் பெருக்காமல் சுருக்கினும் இவ்விளைவே ஏற்படும். சூரியன் 3 கிலோமீட்டர் ஆரத்திற்குள்ளும், பூமி 9 மில்லிமீட்டர் ஆரத்திற்குள்ளும், அதாவது ஏறக்குறைய ஒரு கோலிக்குண்டு அளவிற்குள், ஒடுங்க வேண்டும். ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்து 1916-ல் ஸ்வார்ட்ஸ்சைல்ட் கண்டதும் இதே ஆரந்தான்.

ஆசிரியர் விழிப்பாயிருக்க வேண்டிய இடம் இதுவே. விடை பொருந்துவதால் வழியும் சரியென்று மாணவர் எண்ணிவிடுவர். மிச்செலின் விண்மீனில் ஒளி கல்லைப்போல் மேலெழுந்து, பின்னரே திரும்பும். அருகே செல்பவர் அதனைக் காணலாம். இடைவிடாது உந்தும் ராக்கெட்டு மெதுவாக ஏறி வெளியேறவுங்கூடும். உண்மையான கருந்துளையிலோ, எல்லைக்குள் புகுந்த ஒளி ஓரங்குலமும் வெளிநோக்கி நகராது. எந்த ராக்கெட்டும் மீளாது. சூரியனருகே ஒளி வளையும் கோணத்திலும் பழைய கணக்கு பாதி விடையையே தருகிறது. 1919-ஆம் ஆண்டுக் கிரகணத்தின்போது எடுத்த அளவுகள் ஐன்ஸ்டைனின் விடையையே ஆதரித்தன.

எனினும் எட்டத்தில் நியூட்டன் கைவிடுவதில்லை. ஒளிராத விண்மீனை, அதனைச் சுற்றிவரும் துணைவிண்மீனின் இயக்கத்தால் அறியலாமென்று மிச்செலே குறித்திருந்தார். நமது பால்வழி மண்டலத்தின் மையத்தை எஸ்2 என்னும் விண்மீன் 16 ஆண்டுகளுக்கொருமுறை சுற்றுகிறது. அதன் சராசரித் தொலைவு பூமிக்கும் சூரியனுக்கும் இடையேயுள்ள தொலைவைப்போல் சுமார் 1000 மடங்கு. 1000-இன் கனத்தை 16-இன் வர்க்கத்தால் வகுத்தால், மையத்தில் மறைந்துள்ள பொருள் சூரியனைப்போல் ஏறத்தாழ 40 இலட்சம் மடங்கு என்பது கரும்பலகையிலேயே கிடைத்துவிடும். இவ்விண்மீன்களை நெடுங்காலம் ஆராய்ந்த கென்ஸெல், கெஸ் இருவரும் 2020-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். 2018-ல் எஸ்2 மிக நெருங்கி வந்தபோது அதன் ஒளியில் தென்பட்ட செந்நகர்ச்சி மட்டும் நியூட்டனின் கணக்கிற்குள் அடங்கவில்லை.