மருந்து பட்ட இடத்தில் மருந்து பூசாதீர்கள்

விருதுநகர் மாவட்டத்தில் 'மருந்து' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். மெடிக்கலில் சீட்டைக் காட்டி வாங்குவது ஒன்று. பட்டாசு ஆலையில் வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் எல்லாம் சேர்த்துக் கலப்பது மற்றொன்று. மருந்து கலக்கிறவர், மருந்து செலுத்துகிறவர் என்று தொழிலாளர் வாயில் அன்றாடம் புழங்குவது இந்த இரண்டாவது மருந்துதான். அது பட்டு வெந்த உடம்பில், வீட்டில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் முதலாவது மருந்தாக நினைத்து அப்பிக்கொண்டு வருகிறவர்கள் தீக்காய வார்டுகளுக்குப் புதியவர்கள் அல்ல.

பற்பசை, பேனா மை, தோசை மாவு, மஞ்சள் பொடி, முட்டை வெள்ளைக்கரு. வார்டுக்கு வந்ததும் முதல் வேலை இதையெல்லாம் கழுவி எடுப்பதுதான். காய்ந்துபோன மாவு சும்மா வராது. தோலையும் சேர்த்துக்கொண்டு வரும். தீப்பட்டபோது பல்லைக் கடித்துக்கொண்டவர்கூட அப்போது அலறிவிடுவார். இன்னும் சிலர் மூன்று நாள் பச்சிலை வைத்துக் கட்டிப் பார்த்துவிட்டு, கட்டுக்குள்ளிருந்து நாற்றம் எடுத்த பிறகு காய்ச்சலோடு வருகிறார்கள். "சரியாயிரும்னு சொன்னாங்க சார்" என்பார்கள். சொன்னவர் யாரும் கூட வந்திருக்கமாட்டார்.

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. வண்டியில் ஓட்டுநரோடு வரும் மருத்துவ உதவியாளருக்கு வேலையில் சேரும்போது 50 நாள் பயிற்சி தருகிறார்கள். ஆனால் காரியாபட்டி வட்டத்து மல்லாங்கிணறு போன்ற ஊர்களில் விபத்து நடந்த இடத்துக்கு முதலில் போய்ச் சேருபவர் அந்த உதவியாளர் அல்ல. பக்கத்துக் காட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அக்காவும், டீக்கடையிலிருந்து ஓடிவந்த தம்பியும்தான். ஆலைகள் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம்தானே அதிகம் என்று இந்தப் பக்கத்தார் நினைக்கக்கூடாது. 2024 மே 1 அன்று காரியாபட்டி அருகே ஆவியூர் கல்குவாரியில் வெடிபொருள் வெடித்து மூன்று தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். அந்த 50 நாள் பாடத்தில் சிலவற்றையாவது ஊரும் கற்றுக்கொண்டாக வேண்டும்.

ஓடாதே, முதலில் நில்

பயிற்சியில் முதல் பாடமே அடிபட்டவரைப் பற்றியது இல்லை. 'போகிற இடம் உனக்குப் பாதுகாப்பானதா' என்பதுதான் முதல் கேள்வி. கேட்பதற்குச் சுயநலம் போலத் தோன்றும். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்ததை நினைத்துப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

அன்று ஆலையில் முதலில் வெடித்ததும் புகையைப் பார்த்துச் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஜனங்கள் ஓடினார்கள். உள்ளே மாட்டியவர்களைத் தூக்கப் போனவர்கள் பலர், வேடிக்கை பார்க்கப் போனவர்கள் சிலர். அடுத்தடுத்த அறைகள் வெடித்தன. சுமார் 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் ஒருநாள்கூட வேலை பார்க்காதவர்கள்.

பட்டாசு ஆலையில் ஒரு வெடியோடு முடிவதில்லை. பக்கத்து அறையில் மருந்து இருக்கும், வெளியே காயப்போட்டிருக்கும், ஏற்றுவதற்கு நிற்கும் வண்டியிலும் சரக்கு இருக்கும். தீயணைப்புத் துறையினர் சொல்லும்வரை வேலிக்கு வெளியே நிற்பது கோழைத்தனம் ஆகாது. எரிகிற மருந்துக் குவியலில் வாளித் தண்ணீரை வீசவும் கூடாது. அலுமினியப் பவுடர் போன்ற உலோகத் தூள் எரியும்போது தண்ணீர் பட்டால் தீ இன்னும் சீறும். இப்போது புதிதாக ஒரு கூட்டம் சேர்ந்திருக்கிறது: செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு புகையை நோக்கி நடக்கிற கூட்டம். அவர்களிடம் என்னத்தைச் சொல்ல!

தண்ணீர் பட்டால் கொப்பளிக்குமா?

"தண்ணி ஊத்தாதீங்க, கொப்பளிச்சிரும்!" தீக்காயம் பட்ட இடத்தில் கட்டாயம் ஒரு குரல் இப்படிக் கேட்கும். பெரும்பாலும் வயதில் மூத்தவர் குரல் என்பதால் யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள். இந்த வட்டாரத்தில் தோலைக் கெடுத்த நம்பிக்கைகளில் இதற்குத்தான் முதலிடம்.

கொப்புளம் வருவது வெப்பத்தால், தண்ணீரால் இல்லை. தீயை அணைத்த பிறகும் தோலுக்குள் சூடு தங்கி, உள்ளே உள்ளே வேகவைத்துக்கொண்டே போகிறது. அடுப்பை அணைத்த பிறகும் பானைக்குள் சோறு வேகிறதே, அதுபோல. அந்தச் சூட்டை வெளியே இழுப்பது ஓடும் தண்ணீர் மட்டுமே. 20 நிமிடம் விடாமல் ஊற்ற வேண்டும். உடனே செய்வது உத்தமம். காயம்பட்டு மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு.

எந்தத் தண்ணீர் என்பதையும் பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வருகிற குழாய்த் தண்ணீரில் கையே வைக்க முடியாது. போர்வெல் தண்ணீர், குடத்துத் தண்ணீர், தொட்டி நிழலில் இருந்தால் அந்தத் தண்ணீர். ஐஸ் கூடாது. ஐஸ் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, பிழைத்திருக்க வேண்டிய தோலையும் சாகடித்துவிடும். உடம்பில் பெரும்பகுதி வெந்தவரும் குழந்தைகளும் தண்ணீர் ஊற்ற ஊற்ற நடுங்கத் தொடங்குவார்கள். காயத்தின் மேல்தான் தண்ணீர். மற்ற இடத்தைப் போர்த்திவிட வேண்டும்.

மேலே மருந்துத் தூள் ஒட்டியிருந்தால், உலர்ந்த துணியால் தட்டிவிட்டு, உடையைக் கழற்றி, அதன்பின் தண்ணீர். நைலான் சேலை உருகி ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்த்து இழுக்காமல் சுற்றி வெட்டிவிட வேண்டும். மோதிரம், வளையல், மெட்டி, அரைஞாண் எல்லாவற்றையும் உடனே கழற்ற வேண்டும். வீங்கிய பிறகு அவை கயிறு போட்டு இறுக்கியதுபோல் இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். கழுத்து வெந்திருந்தால் தாலியையும்தான். தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தை மதிக்க அது நேரமில்லை.

பூசுவதால் என்ன ஆகிறது?

பற்பசை போட்டால் குளுகுளுவென்று இருக்கிறது என்பார்கள். அந்தக் குளுமை புதினாச் சத்தின் ஏமாற்று வேலை. மேலே ஒரு பூச்சு படிந்து, உள்ளே இருக்கும் சூடு வெளியேற வழியில்லாமல் போகிறது. எண்ணெய், நெய், வெண்ணெய் மூன்றுக்கும் இதே கதைதான்.

பேனா மையும் மஞ்சளும் செய்கிற கெடுதல் வேறு. தீக்காயத்தின் ஆழத்தை மருத்துவர் கண்டுபிடிப்பது நிறத்தைப் பார்த்து. சிவப்பா, வெளுப்பா, கரியா என்பதை வைத்தே மேல்தோலோடு நின்றதா, தோல் ஒட்டுச் சிகிச்சை தேவையா என்று முடிவெடுக்கிறார். நீலமும் மஞ்சளும் பூசிக்கொண்டு வந்தால் எதைப் பார்ப்பது?

தோசை மாவு புளிப்பதே அதிலுள்ள கிருமிகளால். அதைத் தோல் போன புண்ணில் அப்புவது, வேலி இல்லாத காட்டில் ஆட்டை ஓட்டிவிடுவது மாதிரி. பச்சை முட்டை, சாணம், சாம்பல், செம்மண் எல்லாம் அந்த வரிசைதான்.

வாழை இலை? இதற்கு வாதாட ஆளுண்டு. வாழை இலையைத் தீக்காயக் கட்டுக்குப் பயன்படுத்திய மருத்துவமனைகள் இந்தியாவில் இருக்கின்றன. ஆனால் அங்கே இலையைக் கிருமி நீக்கம் செய்து, கழுவிச் சுத்தம் செய்த புண்ணில் வைத்தார்கள். கொல்லையில் அறுத்த இலையை அப்படியே சுற்றுவதற்கு அதைச் சாட்சிக்கு இழுக்கக்கூடாது.

மெடிக்கலில் சீட்டு இல்லாமல் வாங்கும் களிம்பு, வலி மாத்திரை, "ஒரு ஊசி போட்டா சரியாயிரும்" என்கிற தெருமுனை யோசனை ஆகியவை இன்னொரு தொல்லை. கொப்புளத்தை ஊசியால் குத்தி நீரை எடுத்துவிடுவோர் தனி ரகம். உடம்பு தானாகப் போட்ட கட்டு அது, அதைப் பிரிப்பானேன்? துவைத்துக் காயவைத்த பருத்தி வேட்டியால் தளர்வாக மூடினால் போதும். வேறொன்றும் வேண்டாம். உண்மையிலேயே வேறொன்றும் வேண்டாம்.

கத்துகிறவர் காத்திருக்கலாம்

வெடிவிபத்தில் ஒரே நேரத்தில் பத்துப் பேர் விழுந்து கிடந்தால் யாரை முதலில் பார்ப்பது? பயிற்சியில் இதற்கு ஓர் எளிய உத்தி உண்டு. "நடக்க முடிந்தவங்க எல்லாரும் அந்த வேப்பமரத்தடிக்கு வாங்க!" என்று உரக்கச் சொல்ல வேண்டும். யாருக்கு அவசரம் என்று காட்டும் வண்ண அட்டைகளில் எழுந்து வந்தவர்களுக்குப் பச்சை; அவர்கள் சற்றுப் பொறுக்கலாம். கத்துகிறவருக்கு மூச்சு இருக்கிறது. சத்தமே இல்லாமல் கிடப்பவரிடம்தான் முதலில் போக வேண்டும். நிமிடத்துக்கு 30 முறைக்கு மேல் மூச்சு வாங்குகிறவர், நினைவு தடுமாறுகிறவர், இரத்தம் பீறிடுகிறவர் சிவப்பு அட்டைக்காரர்கள். முதல் வண்டி அவர்களுக்கு.

பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லாதவர் எல்லாம் மயக்கத்தில் இருப்பதாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. வெடிச் சத்தத்தில் செவிப்பறை கிழிந்து காது கேட்காமல் இருக்கலாம். தோளைத் தொட்டு, கையால் சைகை காட்டிக் கேட்க வேண்டும். வெளியில் ஒரு கீறல்கூட இல்லாமல் "எனக்கு ஒண்ணுமில்ல" என்று வீட்டுக்குக் கிளம்புகிறவரையும் விடக்கூடாது. வெடி அழுத்தம் நுரையீரலைத் தாக்கியிருந்தால் மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்துக்கூட வரும்.

எட்டு மணி நேரக் கணக்கு

முகம் வெந்து, மூக்கு முடி கருகி, எச்சிலில் கரி வந்து, குரல் கம்மிப்போனால் தொண்டைக்குள்ளும் வெந்திருக்கிறது என்று பொருள். இப்போது பேசிக்கொண்டிருப்பவருக்குச் சற்று நேரத்தில் தொண்டை வீங்கி மூச்சுப்பாதை அடைபடலாம். அவரைப் படுக்கவைக்காமல் சாய்த்து உட்காரவைத்துக் கொண்டுபோக வேண்டும். பைக்கில் இருவருக்கு நடுவே வைத்து அழுத்திக்கொண்டு போகிற காரியம் இல்லை இது. ஆக்சிஜன் உள்ள வண்டி வேண்டும். சோடாவும் காபியும் ஊட்டவேண்டாம்.

எவ்வளவு வெந்திருக்கிறது என்பதற்கு ஒரு கைக்கணக்கு: நோயாளியின் விரல்களோடு சேர்ந்த உள்ளங்கை, அவர் உடம்பில் ஏறத்தாழ 1 சதவீதம். பெரியவர்களுக்கு ஒரு கை முழுவதும் 9, ஒரு கால் 18, முன்பக்கம் 18, முதுகு 18.

இந்தச் சதவீதத்தை வைத்துத்தான் டிரிப்ஸ் கணக்கிடுகிறார்கள். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 40 சதவீதம் வெந்திருந்தால், நெடுநாளாக வழக்கிலுள்ள பார்க்லேண்ட் கணக்குப்படி முதல் 24 மணி நேரத்தில் 8 லிட்டர்; அதில் பாதி முதல் 8 மணி நேரத்துக்குள். சிறுநீர் போகும் அளவைப் பார்த்துக் கூட்டிக் குறைப்பார்கள். அந்த எட்டு மணி நேரம் மருத்துவமனை வாசலில் தொடங்குவதில்லை, தீப்பட்ட நொடியில் தொடங்குகிறது. வீட்டில் மாவு பூசி உட்கார்ந்திருந்த நான்கு மணி நேரமும் அதில்தான் கழியும்.

இரத்தம், சிறுநீர், நெஞ்சு எக்ஸ்ரே போன்ற சோதனைகளை மருத்துவமனை பார்த்துக்கொள்ளும். தடுப்பூசி விவரம் தெரிந்தால் சொல்லுங்கள். ரண ஜன்னி ஊசி தேவையா என்பதை அவர்கள் முடிவுசெய்வார்கள்.

சென்னையில் இருப்பவருக்கு டீக்கடை தெரியாது

108-க்கு அடிக்கிற போன் சென்னை தேனாம்பேட்டையிலுள்ள கட்டுப்பாட்டு அறையில் ஒலிக்கிறது. "நம்ம டீக்கடைப் பக்கம்" என்றால் அங்கிருப்பவருக்கு விளங்காது. விருதுநகர் மாவட்டம், காரியாபட்டி வட்டம், மல்லாங்கிணறு, எந்தச் சாலை, எந்தக் கோயிலுக்குப் பக்கம், எத்தனை பேர், தீயா வெடியா என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். அவர்கள் வைக்கச் சொல்லும்வரை போனை வைக்கக்கூடாது. ஒருவர் முக்குரோட்டுக்கு வந்து கைகாட்டினால் இன்னும் நல்லது.

போலீஸ், கோர்ட் என்று அலைய நேருமோ என்று சாலை விபத்துகளில் ஒதுங்கி நிற்பவர்களுக்கும் ஒரு சேதி. உதவப்போனவரைக் காக்கும் விதிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016-லேயே சட்டவலு கொடுத்துவிட்டது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் 134ஏ பிரிவாக அந்தப் பாதுகாப்பு வந்துவிட்டது.

இதை மட்டும் கேளுங்கள்

ஆலை வேலைக்குப் போகும் அக்காமார்களே, பருத்திச் சேலை கட்டிப் போங்கள். விலை கூடுதல்தான், சீக்கிரம் சாயம் போகும்தான். ஆனால் உடம்பில் உருகி ஒட்டாது. வீட்டுத் திண்ணையில் திருட்டுத்தனமாக மருந்து செலுத்திக் கொடுக்கும் வேலைக்குச் சம்மதிக்காதீர்கள். அதே திண்ணையில்தான் பிள்ளை படுத்துத் தூங்குகிறது.

தீபாவளிக்கு மறுநாள் காலையில் தெருவில் குனிந்து குனிந்து எதையோ பொறுக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் சும்மா போகாதீர்கள். வெடிக்காத பட்டாசைப் பிரித்து, மருந்தைக் காகிதத்தில் கொட்டிக் கொளுத்துவது அவர்களுக்கு விளையாட்டு. முகத்தருகே குப்பென்று எரியும், கண் போய்விடும். கண்ணில் தீப்பொறி பட்டுவிட்டால் கசக்கவிடாமல், அழுத்திக் கட்டாமல், உடனே கண் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

அடுத்த முறை பட்டாசுப் பெட்டியைப் பிரிக்கும் முன் வாசலில் இரண்டு வாளித் தண்ணீர் நிரப்பி வையுங்கள், துவைத்த வேட்டி ஒன்றை எடுத்து வையுங்கள். பற்பசை குளியலறையிலேயே இருக்கட்டும்.