உங்களுக்குத் தெரியுமா? செம்பாறைச் சீமையில் ஒரு கார் பயணம்

லாஸ் வேகாஸில் காரை எடுத்து, யூட்டா, அரிசோனா என்று ஒரு வட்டமடித்துத் திரும்புவது அமெரிக்கக் குடும்பங்களின் பழைய விடுமுறை வழக்கம். மகன், மகள் வீட்டுக்குப் போகிற நம்மூர் அப்பா அம்மாக்களும் இப்போது அந்தக் கார்களின் பின்சீட்டில் இருக்கிறார்கள். பாலைவனமும் சிவந்த பாறையும் ஆழப் பிளந்த பள்ளத்தாக்குகளுமான இந்தச் சீமையில் கண்ணை மட்டும் நம்பினால் ஏமாந்து போவோம். வழிநெடுக எங்கெங்கே ஏமாறுவோம் என்று பார்க்கலாமா?

மலைக்குள் ஜன்னல்
வேகாஸிலிருந்து சுமார் 260 கி.மீ. போனால் ஸயான் தேசியப் பூங்கா. தமிழ் விவிலியத்தில் 'சீயோன்' என்று வருகிற அதே பெயர்தான். 19-ஆம் நூற்றாண்டில் இங்கே குடியேறிய மார்மன் சமயத்தவர் வைத்தது. மலையைக் குடைந்து 1930-இல் திறந்த சுரங்கச் சாலை இங்கே உண்டு, நீளம் 1.8 கி.மீ. காற்றும் வெளிச்சமும் வர, பாறைச் சுவரிலேயே பெரிய பெரிய ஜன்னல்களை வெட்டி வைத்தார்கள். அந்தக் காலத்தில் ஜன்னலோரம் காரை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள். இப்போது நிறுத்தக் கூடாது. பள்ளத்தாக்கு ஒரு நொடி மின்னி மறையும், அவ்வளவுதான்.

பெயரில் மட்டும் பள்ளத்தாக்கு
பிரைஸ் கேன்யன் உண்மையில் கேன்யனே இல்லை! ஆறு அறுத்து உண்டாக்கியதுதான் கேன்யன். இங்கே அப்படி ஆறு எதுவும் இல்லை. ஆயிரக்கணக்கில் நிற்கும் கல்தூண்களைச் செதுக்கியது முக்கியமாகப் பனிதான். பாறை இடுக்கில் புகுந்த நீர் இரவில் உறைந்து விரியும், பகலில் உருகும். ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள் இதே கதை. 'ஹூடூ' எனப்படும் இந்தத் தூண்களை, தீய நடத்தைக்காகக் கல்லாய்ச் சபிக்கப்பட்ட மனிதர்கள் என்பது பையூட் பழங்குடியினரின் கதை. நமக்கு அகலிகை நினைவுக்கு வருவாள்.

பெட்ரோல் முள்ளைப் பாருங்கள்
யூட்டாவில் சலைனா, கிரீன் ரிவர் ஆகிய இரண்டு ஊர்களுக்கு நடுவே தேசிய நெடுஞ்சாலை எண் 70 சுமார் 170 கி.மீ. ஓடுகிறது. இடையில் ஒரு பெட்ரோல் பங்க் இல்லை, டீக்கடை இல்லை, ஊரே இல்லை. அமெரிக்காவின் பெருநெடுஞ்சாலைகளில் எந்த வசதியும் இல்லாத மிக நீண்ட துண்டு இதுதான்.

ஓட்டைக்கும் இலக்கணம்
ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவில் 2,000-க்கும் மேற்பட்ட கல் வளைவுகள் உள்ளன. பாறையில் ஓட்டை விழுந்தால் மட்டும் போதாது. ஒரு பக்கமாவது 3 அடி இடைவெளி இருந்தால்தான் 'வளைவு' என்று கணக்கில் சேரும். பெரியது லேண்ட்ஸ்கேப் ஆர்ச், சுமார் 300 அடி அகலம். 1991-இல் அதன் அடிப்பக்கத்திலிருந்து பெரிய பாளம் ஒன்று பெயர்ந்து விழுந்தது. 2008 ஆகஸ்டில் 'வால் ஆர்ச்' என்ற இன்னொரு வளைவு இரவோடு இரவாக இடிந்தது. காலையில் வந்தவர்களுக்குக் கற்குவியல்தான் மிச்சம்.

மண்ணுக்கும் உயிர் உண்டு
பாதையோரம் கறுத்து, பொருக்குத் தட்டிக் கிடக்கும் மண்ணை வெறும் மண் என்று மிதித்துவிடாதீர்கள். நீலப்பசும்பாசியும் பாசிச்செடிகளும் லைக்கன்களும் சேர்ந்து பின்னிய உயிருள்ள போர்வை அது. காற்றில் மண் பறக்காமல் பிடித்து வைப்பதும், மழைநீரைத் தேக்குவதும் அதன் வேலை. ஒரு காலடித் தடம் ஆறப் பல ஆண்டுகள் ஆகும்.

சினிமாவுக்குப் போன கடைக்காரர்
மான்யுமென்ட் வேலியின் ஒற்றைக் குன்றுகளை உலகம் அறிந்தது கௌபாய் படங்களால். 1930-களின் பஞ்ச காலத்தில், இங்கே வணிக நிலையம் நடத்திய ஹாரி கோல்டிங் நிலக்காட்சிப் படங்களைச் சுருட்டிக்கொண்டு ஹாலிவுட்டுக்கே போய்விட்டார். விளைவு, ஜான் ஃபோர்டு இயக்கி 1939-இல் வெளிவந்த 'ஸ்டேஜ்கோச்'. ஒன்று கவனம்: இது நவஹோ மக்களின் சொந்தப் பூங்கா. தேசியப் பூங்காக்களுக்கு வாங்கிய ஆண்டுச் சீட்டு இங்கே செல்லாது.

ஆமை என்றால் டாங்கி
அங்கிருந்து சற்றுத் தெற்கே கயென்டா என்ற சிற்றூர். அங்குள்ள பர்கர் கிங் உணவகத்தில் ஒரு போர்க் கண்காட்சியே இருக்கிறது! இரண்டாம் உலகப் போரில் நவஹோ மொழியைச் சங்கேத மொழியாக்கிச் செய்தி அனுப்பிய வீரர்களின் நினைவு அது. 1942-இல் தொடங்கியபோது 29 பேர். டாங்கிக்கு 'ஆமை', நீர்மூழ்கிக்கு 'இரும்பு மீன்', குண்டுக்கு 'முட்டை'. ஒரு காலத்தில் அரசுப் பள்ளிகளில் பேசக் கூடாது என்று தண்டிக்கப்பட்ட மொழி, அதே அரசுக்குப் போரில் கைகொடுத்தது. இந்த ரகசியத்தை 1968 வரை அவர்கள் வெளியே சொல்ல முடியவில்லை.

மணி என்னப்பா?
அமெரிக்காவில் கோடைக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். அரிசோனா தள்ளாது. அரிசோனாவுக்குள் இருக்கும் நவஹோ நிலம் தள்ளும். நவஹோ நிலத்துக்குள் இருக்கும் ஹோப்பி நிலம் தள்ளாது! ஒரே சாலையில் நேராகப் போனாலே கைபேசி மணி முன்னும் பின்னும் குதிக்கும். குறுகிய பாறைப் பிளவான ஆண்டிலோப் கேன்யனுக்கு முன்பதிவு செய்தவர்கள் கவனிக்க வேண்டியது: அது நவஹோ நிலம்தான், ஆனால் சீட்டில் இருப்பது அரிசோனா நேரம்.

எங்கோ மழை, இங்கே வெள்ளம்
அந்த ஆண்டிலோப் கேன்யனின் நவஹோ பெயருக்கு, பாறைகளினூடே நீர் ஓடும் இடம் என்று பொருள். பெயரே எச்சரிக்கை! 1997 ஆகஸ்ட் 12 அன்று பல கி.மீ. தள்ளி ஒரு மேகம் கொட்டித் தீர்த்தது. கேன்யன் பக்கம் சொல்லும்படி மழை இல்லை. குறுகிய பிளவுக்குள் திடீரென்று பாய்ந்த வெள்ளம் 11 பயணிகளைக் கொண்டுபோனது. இன்று வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடுவதில்லை. தொலைவில் மழை அறிகுறி தெரிந்தாலே கதவடைப்பு.

தரைக்கு வராத மழை
ஜூலை முதல் செப்டம்பர் வரை இங்கும் பருவமழைக் காலம். அரிசோனாக்காரர்களும் அதை 'மான்சூன்' என்றே சொல்கிறார்கள். ஆனால் மேகத்திலிருந்து சாம்பல் நிறத்தில் தொங்கும் மழைத்திரை பல நேரம் பாதி வழியிலேயே ஆவியாகிவிடும். இதற்கு 'விர்கா' என்று பெயர். கண்ணுக்கு மழை, மண்ணுக்கு இல்லை.

எதிர்க்கரைக்கு 340 கி.மீ.
கிராண்ட் கேன்யனின் தென் விளிம்பில் நின்றால் வட விளிம்பு பளிச்சென்று தெரியும். பறவைக்குச் சுமார் 16 கி.மீ. காருக்கோ சுற்றிக்கொண்டு 340 கி.மீ. சென்னையிலிருந்து திருச்சி போகிற தூரம்! வட விளிம்பு சுமார் 300 மீட்டர் கூடுதல் உயரம் என்பதால் குளிர்காலத்தில் பனி மூடி, அங்கே போகும் சாலையையும் அடைத்துவிடுவார்கள்.

அடியில் விஷ்ணு
கேன்யனின் அடியாழத்தில் இருக்கும் கரும்பாறைக்குப் பெயர் விஷ்ணு! வயது 170 கோடி ஆண்டுக்கும் மேல். நிமிர்ந்து பார்த்தால் பிரம்மா கோயில், சிவன் கோயில், கிருஷ்ணர் சன்னதி, ராமர் சன்னதி, புத்தர் கோயில் எனச் சிகரங்கள். நம்மவர் யாரும் போய் வைத்த பெயர்கள் அல்ல. 1880-களில் ஆய்வு செய்த நிலவியலாளர் கிளாரன்ஸ் டட்டன் தொடங்கி வைத்த வழக்கம் அது. அந்தக் கோபுரங்களைப் பார்த்ததும் அவருக்குக் கீழை நாட்டுக் கோயில்கள் தோன்றியிருக்கின்றன. பாறைதான் இவ்வளவு பழசு. கொலராடோ ஆறு இந்தப் பள்ளத்தை அறுக்கத் தொடங்கி 50, 60 லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன என்பது பரவலான கணிப்பு.

சிவன் கோயிலில் எலி வேட்டை
அந்தச் சிவன் கோயில் சிகரம் தனித்தீவு போல நிற்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வெளித்தொடர்பே இல்லாத புது விலங்குகள் மேலே இருக்கலாம் என்ற ஆசையில், அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 1937-இல் ஒரு குழுவை ஏற்றியது. பத்திரிகைகள் பரபரத்தன. அகப்பட்டதெல்லாம் அக்கம்பக்கத்து எலி, அணில் வகைகளே.

புகைப்படக்காரரின் ஓட்டம்
நூறாண்டுக்கு முன் எமரி கோல்ப் என்பவர், கோவேறு கழுதையில் பள்ளத்துக்குள் இறங்கும் பயணிகளைத் தென் விளிம்பில் படம் பிடிப்பார். படத்தைக் கழுவ மேலே நல்ல தண்ணீர் கிடையாது. உடனே சுமார் 7 கி.மீ. கீழே ஓடி, சுனை நீரில் கழுவி, அச்சிட்டு, பயணிகள் திரும்புவதற்குள் மேலே ஓடி வந்து நிற்பார்! இன்றும் தென் விளிம்பில் நீங்கள் குடிக்கும் நீர் அந்தக் கரையுடையது அல்ல. எதிர்ப்புறம் வட விளிம்புக்குக் கீழுள்ள ஊற்றிலிருந்து, பள்ளத்தாக்கைக் கடந்து குழாயில் வருகிறது.

தலைகீழ் மலையேற்றம்
மலை ஏறினால் களைத்ததும் இறங்கிவிடலாம். இங்கே முதலில் இறக்கம். களைப்பு வரும்போதுதான் ஏற்றம் தொடங்கும். கீழே போகப் போக வெயிலும் ஏறும்: ஆற்றங்கரை, விளிம்பைவிட 10 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடு. இறங்கிய நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஏறுவதற்கு ஒதுக்குங்கள் என்பது பூங்காக் காவலர்களின் கணக்கு. தாத்தா, பாட்டியோடு போனால் விளிம்பிலேயே காற்று வாங்குவது உத்தமம்.

கழுதை மேல் தபால்
கேன்யனின் ஒரு கிளைப் பள்ளத்தில் ஹவசுபாய் மக்களின் சுபாய் கிராமம் இருக்கிறது. சாலை கிடையாது. சுமார் 13 கி.மீ. கோவேறு கழுதை மீதுதான் இன்றும் தபால் போகிறது.

ஒற்றைக்கைத் தலைவர்
வரைபடத்தில் வெற்றிடமாக இருந்த கொலராடோ ஆற்றில் 1869-இல் 4 படகு, 9 ஆட்களோடு இறங்கினார் ஜான் வெஸ்லி பவல். உள்நாட்டுப் போரில் வலக்கையை இழந்தவர். மூன்று மாதம் கழித்துக் கரை சேர்ந்தபோது அவரையும் சேர்த்து மிஞ்சியது 6 பேர். ஒருவர் முன்பே விலகிவிட்டார். இனி முடியாது என்று கடைசிக் கட்டத்தில் மூவர் பிரிந்து மேலேறிப் போனார்கள். இரண்டே நாளில் பயணம் முடிந்துவிட்டது. அந்த மூவரோ திரும்பவே இல்லை.

எண் போட்ட கழுகு
தலைக்கு மேல் வட்டமிடும் பெருங்கழுகின் சிறகில் எண் தெரிந்தால், அது கலிபோர்னியா காண்டோர். சிறகை விரித்தால் ஒன்பதரை அடி. 1982-இல் உலகத்திலேயே 22 பறவைகள்தான் மிச்சம். வளர்த்துப் பெருக்கி 1996 முதல் அரிசோனாவில் பறக்க விட்டார்கள்.

மனச்சாட்சிக் குவியல்
வட்டத்தைக் கொஞ்சம் கிழக்கே இழுத்தால் பெட்ரிஃபைடு ஃபாரஸ்ட் பூங்கா. 20 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. ஒரு துண்டு எடுத்தாலும் குற்றம். எடுத்துப் போனவர்கள் பலர், பிறகு ஒரே கெட்ட காலம் என்று புலம்பி, மன்னிப்புக் கடிதத்தோடு கல்லைத் தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் எந்த இடத்தில் கிடந்த கல் என்று தெரியாததால், பழைய இடத்தில் வைக்க முடியாது. எல்லாம் ஒரு ஓரமாகக் குவிந்து கிடக்கின்றன. 'மனச்சாட்சிக் குவியல்' என்றே அதற்குப் பெயர். ஊர் திரும்பக் காரில் ஏறும் முன், பேரப்பிள்ளைகளின் சட்டைப்பையை ஒருமுறை தட்டிப் பார்த்துவிடுங்கள்!