மலையும் சக்கரமும் – 9: கண்ணாடியில் படியும் மூச்சு

கண்டியிலிருந்து மஹியங்கனைக்குச் செல்லும் ஏ-26 வீதி, திகன, தெல்தெனிய ஆகிய ஊர்களைக் கடந்து ஹுன்னஸ்கிரியவுக்கு ஏறி, உடுதும்பர ஊடாகச் சென்று, ‘பதினெட்டு வளைவு’ என்று பெயர்பெற்ற இறக்கத்தின் வழியே உலர் வலயத்துச் சமவெளியை அடைகிறது. நக்கிள்ஸ் மலைத்தொடருக்குச் சிங்களத்தில் வழங்கும் ‘தும்பர’ என்னும் பெயர் மூடுபனி சூழ்ந்தது என்று பொருள்படுவது. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இவ்வீதியிலும், ஹுன்னஸ்கிரியவில் பிரிந்து லூல்வத்த வழியாக மீமுரே நோக்கிச் செல்லும் கிளைப்பாதையிலும், அப்பெயரின் பொருத்தம் கண்கூடாகத் தெரியும். தென்மேல் பருவக்காற்றின் காலத்தில் நிலைமை தலைகீழாகிறது. மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு மலையைத் தாண்டும் காற்று, கிழக்கே இறங்கும்போது ஒவ்வொரு நூறு மீற்றருக்கும் ஏறத்தாழ ஒரு பாகை செல்சியஸ் வீதம் சூடேறி, கிழக்கிலங்கைத் தமிழர் ‘கச்சான்’ என்று அழைக்கும் வறண்ட வெப்பக் காற்றாகச் சமவெளியில் வீசுகிறது. ஆகவே இவ்வீதியில் ஓடும் வாகனம் ஒரே பயணத்துக்குள் இருவேறு காலநிலைகளைச் சந்திக்கிறது. வாகனத்தின் உட்புறத்தைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் காற்றோட்டப்படுத்தவும் ஒரு நூற்றாண்டாக நடந்த கண்டுபிடிப்புகளை மதிப்பிட இதைவிடப் பொருத்தமான இடம் அரிது.

மலையில் முதலில் எழும் சிக்கல் குளிர் அன்று, கண்ணாடியில் படியும் ஈரம். அமைதியாக அமர்ந்திருக்கும் ஒருவர் மூச்சாலும் தோலாலும் மணிக்கு ஏறத்தாழ 40 முதல் 50 கிராம் நீரை ஆவியாக வெளியிடுகிறார். பன்னிரண்டு பேர் ஏறிய வேனில் இது மணிக்கு அரை லீற்றர் அளவுக்கு வந்துவிடும், நனைந்த குடைகளும் ஆடைகளும் தரும் ஈரம் இதற்குமேல். காற்று தாங்கக்கூடிய நீராவிக்கு ஓர் எல்லை உண்டு. 30 பாகையில் ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 பாகையில் 17 கிராமையே தாங்கும். காற்று குளிர்ந்து குளிர்ந்து, தன்னிடமுள்ள நீராவியைத் தாங்க முடியாத எல்லையை எட்டும் வெப்பநிலையே ‘பனிபடுநிலை’ எனப்படுகிறது. முன்கண்ணாடியின் வெப்பநிலை உட்காற்றின் பனிபடுநிலைக்குக் கீழே இறங்கியதும் பயணிகளின் மூச்சு நுண்துளிகளாக அதன்மேல் ஒடுங்கிச் சாரதியின் பார்வையை மறைக்கிறது. மழைக்காகப் பக்கக் கண்ணாடிகள் எல்லாம் மூடப்பட்ட பஸ்ஸில், ஒவ்வொரு வளைவுக்கும் முன் துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டும் நிலை இதனால் வருவதுதான். கண்ணாடியில் சவர்க்காரத்தை மெல்லியதாகத் தேய்த்துவிடும் பழைய வழக்கமும் வெறும் நம்பிக்கை அன்று. சவர்க்காரம் நீரின் பரப்பிழுவிசையைக் குறைப்பதால் ஈரம் துளிகளாகத் திரளாமல் ஒளி ஊடுருவும் மென்படலமாகப் பரவுகிறது.

தொடக்ககால மோட்டார் வாகனங்கள் பெரும்பாலும் திறந்தவையாக இருந்தபடியால் இச்சிக்கல் எழவில்லை. 1920களில் மூடிய உடலமைப்பு அமெரிக்காவில் வேகமாகப் பரவியபின், உள்ளே தேங்கிய காற்றை வெளியேற்றும் வழியைத் தேடவேண்டியதாயிற்று. ஜெனரல் மோட்டர்ஸின் உடலமைப்புப் பிரிவான பிஷர் 1933இல் கொண்டுவந்த விடை, கதவின் முன்மூலையில் அச்சில் திரும்பும் ஒரு சிறு கண்ணாடி: அதைச் சற்றே திருப்பினால், அருகே விரைந்தோடும் வெளிக்காற்று தாழ்ந்த அமுக்கத்தை உண்டாக்கி உட்காற்றை இழுத்துக்கொள்ளும். இலங்கையில் இன்றும் அன்போடு பேணப்படும் மொரிஸ் மைனரின் கதவுகளில் உள்ள முக்கோணக் கண்ணாடி இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. 1964இல் போர்ட் கோர்ட்டினாவில் வந்த ‘ஏரோபுளோ’ அமைப்பு, முகத்தின் உயரத்தில் காற்றைத் தரும் வாயில்களையும் பின்தூணில் அது வெளியேறும் துளைகளையும் இணைத்து, சன்னல்களை மூடியபடியே காற்றோட்டம் பெற வழிசெய்தது. உள்ளே வரும் காற்றுக்கு வெளியேறும் வழியும் வேண்டும் என்ற எளிய உண்மை பெருந்தொகையாக உற்பத்தியாகும் கார்களில் இடம்பெற அத்தனை ஆண்டுகள் சென்றன.

வெப்பமூட்டலின் கதை இதற்கு இணையாக ஓடியது. 1929 அளவில் போர்ட் ‘மாடல் ஏ’ கார்களில் புகைபோக்கிக் குழாயைச் சுற்றிச் சூடான காற்று உள்ளே விடப்பட்டது. அதில் எண்ணெய் நாற்றமும் நச்சுப்புகையும் கலந்துவிடும் ஆபத்து இருந்தது. இயந்திரத்தைக் குளிர்விக்கும் வெந்நீரை ஒரு சிறு ரேடியேட்டருக்குள் செலுத்தி, அதன்மேல் காற்றை ஊதுவது பாதுகாப்பான வழியாயிற்று. நாஷ் நிறுவனம் 1938இல் வெளிக்காற்றை வடிகட்டி, சூடாக்கி, உள்ளே சற்றே உயர்ந்த அமுக்கத்துடன் செலுத்தியது. அதனால் இடுக்குகள் வழியே குளிர்காற்று நுழைவதும் தடைப்பட்டது. மொரிஸ் மைனரிலோ வெப்பமூட்டி நெடுங்காலம் தனிவிலை கொடுத்துப் பெறும் மேலதிக உபகரணமாகவே இருந்தது. வெப்ப நாட்டில் அதற்குச் செலவிடுவது வீண் என்று எண்ணுவது இயல்புதான். ஆயினும் அந்த வெப்பமூட்டி கால்களைச் சூடாக்குவதற்கு மட்டும் உரியதன்று, முன்கண்ணாடியைப் பனிபடுநிலைக்கு மேல் உயர்த்தி வைப்பதற்கும் உரியது என்பதை நினைத்தால், மலைநாட்டு வீதிகளில் அது ஆடம்பரம் அன்று என்பது தெளிவாகும்.

குளிர்விப்பில் முதலில் பரவியது ஆவியாதல் முறை. அமெரிக்காவின் மேற்குப் பாலைநிலங்களில் கார்ச் சன்னலுக்கு வெளியே தொங்கவிடப்பட்ட உருளைக்குள் நனைந்த நார்த்திண்டு ஒன்று இருக்க, அதன் வழியே புகும் காற்று நீரை ஆவியாக்கி, அதற்கு வேண்டிய மறைவெப்பத்தைத் தானே இழந்து குளிர்ந்தது. கோடையில் வெட்டிவேர்த் தட்டியில் நீர் தெளித்து அறையைக் குளிர்விக்கும் இந்திய வழக்கத்தின் தத்துவமும் இதுவே. வறண்ட காற்றில் மட்டுமே இது பயன் தரும். ஹுன்னஸ்கிரியவின் மூடுபனியில் அக்கருவி காற்றைக் குளிர்விக்காது, கண்ணாடியில் படியும் ஈரத்தையே கூட்டும்.

பக்கார்ட் நிறுவனம் 1939இல் அறிவித்த காரில்தான் அமுக்கி, ஒடுக்கி, ஆவியாக்கி என்னும் மூன்றும் கொண்ட உண்மையான குளிரூட்டி வந்தது: அமுக்கி குளிர்பொருளின் வாயுவை அழுத்திச் சூடாக்க, ஒடுக்கியில் அது வெப்பத்தை வெளியே இழந்து திரவமாகி, ஆவியாக்கியில் மீண்டும் வாயுவாகும்போது உட்காற்றின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. 274 டொலர் விலைபெற்ற அந்தக் கருவியை நிறுத்த இயந்திரத்தை அணைத்து, பொனட்டைத் திறந்து, பட்டியைக் கழற்ற வேண்டியிருந்தது. சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது. வெப்பமூட்டலையும் குளிரூட்டலையும் காற்றோட்டத்தையும் முன்புறத்தில் ஒரே தொகுதியாக இணைத்த பெருமை 1954ஆம் ஆண்டின் நாஷ் அம்பாசடருக்கு உரியது.

இந்த இணைப்பே மலைப்பாதைக்கு முதன்மையானது. வில்லிஸ் கேரியர் 1902இல் புரூக்ளின் அச்சகம் ஒன்றுக்காக வளிபதன முறையை வகுத்தபோது அவர் தீர்க்க முயன்றது தாள்களைச் சுருங்கவும் விரியவும் செய்த ஈரத்தின் சிக்கலை. குளிர்ச்சி அதன் உடன்விளைவு. காருக்குள்ளும் அதே வேலைதான் நடக்கிறது. ஆவியாக்கி காற்றை ஏறத்தாழ 5 பாகைக்குக் குளிர்வித்தால் கன மீற்றருக்கு 7 கிராம் நீராவியே எஞ்சி, மீதி நீராகி வெளியே சொட்டிவிடும். அக்காற்றையே வெப்பமூட்டியில் 20 பாகைக்கு உயர்த்தினால் அதன் சாரீரப்பதன், அதாவது தாங்கக்கூடிய நீராவியில் உண்மையில் உள்ள பங்கு, 40 வீதம் அளவுக்குக் குறைந்துவிடும். இத்தகைய காற்று கண்ணாடியின் ஈரத்தை விரைந்து குடித்துவிடுகிறது. வெளியே குளிராக இருக்கிறதே என்று ஏசியை அணைத்துவிட்டு, உட்காற்றையே சுழலவிடும் பொத்தானையும் அழுத்தி வைத்திருக்கும் சாரதி, தம் கண்ணைத் தாமே கட்டிக்கொள்கிறார். இதன் மறுபக்கமும் உண்டு: சமவெளியிலுள்ள ஹசலக்கப் பக்கம் மழைநாளின் வெதுவெதுப்பான ஈரக்காற்றுக்குள் இறங்கும்போது, குளிர்ந்துபோன கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஈரம் படியும், அப்போது துடைப்பானை இயக்கி, குளிர்காற்றைக் கண்ணாடியிலிருந்து விலக்குவதே வழி.

ஏற்றத்தில் ஏசியை அணைக்கும் வழக்கத்துக்குத் தக்க காரணம் உண்டு. 800 கன சென்றிமீற்றருக்குச் சற்றுக் குறைந்த இயந்திரம் கொண்ட மாருதி 800 தருவது 37 குதிரைவலுவே. அமுக்கி அதில் குறிப்பிடத்தக்க பங்கை எடுத்துக்கொள்ளும். இயந்திரம் கொதிக்கத் தொடங்கும்போது வெப்பமூட்டியை முழுவதும் திறந்துவிடுவதும் அனுபவமுள்ளோர் அறிந்த உத்தியே: அது இரண்டாவது ரேடியேட்டராகி இயந்திரத்தின் வெப்பத்தைப் பயணிகள்பால் திருப்பிவிடுகிறது.

கார்க் குளிரூட்டிகளில் குளிர்பொருளாக நெடுங்காலம் பயன்பட்ட ஆர்-12 என்னும் குளோரோபுளோரோ காபன், ஓசோன் படையை அரிப்பதாக 1974இல் மொலினாவும் ரோலண்டும் எச்சரித்தபின், 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையால் படிப்படியாக விலக்கப்பட்டது. அதன் இடத்துக்கு வந்த ஆர்-134ஏ ஓசோனுக்குத் தீங்கு செய்யாவிடினும், காபனீரொட்சைட்டைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கும் என்பதால் அதுவும் இப்போது விடைபெற்று வருகிறது.

2014, 2015ஆம் ஆண்டுகளில் இலங்கைக்குப் பெருமளவில் வந்த நிசான் லீப் போன்ற மின்கார்கள் இவ்வரலாற்றை மீண்டும் திறந்துவிட்டன. அவற்றில் வீணாகும் இயந்திர வெப்பம் இல்லை; உலர்த்துவதற்கான குளிர்ச்சியும் பின்னர் தரவேண்டிய சூடும் மின்கலத்திலிருந்தே வரவேண்டும். லீப்பின் 2013ஆம் ஆண்டு வடிவத்தில் சிலவற்றுக்கு அளிக்கப்பட்ட ‘வெப்பப் பம்பி’, குளிரூட்டியின் சுற்றையே திசைமாற்றி வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே கொண்டுவருவதால், சூடான கம்பிச்சுருளைவிடக் குறைந்த மின்னில் அதே வேலையைச் செய்கிறது. தெல்தெனியவிலிருந்து ஹுன்னஸ்கிரிய வரை மூடுபனியில் ஏறும் மின்கார் ஏற்றத்துக்கும் கண்ணாடிக்கும் ஒருங்கே செலவிட்ட மின்னில் ஒரு பகுதியை, பதினெட்டு வளைவில் இறங்கும்போது அதன் மோட்டாரே மின்னாக்கியாக மாறி மின்கலத்துக்குத் திருப்பித் தருகிறது.

(தொடரும்)