ஆசியான் வரிக் குறைப்பு: காருக்கு மட்டும் ஏன் தாமதம்?

வட்டார நாடுகள் வர்த்தக ஒப்பந்தம் போட்டால் "வரி குறையும், வர்த்தகம் பெருகும்" என்று செய்தி வரும். சரி, எந்தப் பொருளுக்கு வரி உடனே குறைகிறது, எதற்குத் தள்ளிப்போகிறது? அதை யார் முடிவு செய்கிறார்கள்?

மலேசிய அரசியல் பொருளியல் ஆய்வாளர் ஹெலன் நேசதுரை ஆராய்ந்தது அதைத்தான். 2003இல் வெளிவந்த அவருடைய நூல், ஆஃப்டா எனப்படும் ஆசியான் தடையற்ற வர்த்தக வட்டாரத்தைப் பற்றியது.

ஆஃப்டா எதற்கு?

1992 ஜனவரியில் சிங்கப்பூரில் கூடிய ஆசியான் தலைவர்கள் அதற்கு ஒப்புக்கொண்டனர். 40 விழுக்காடாவது வட்டாரத்திலேயே உருவான பொருள்களுக்கு இறக்குமதி வரி 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. அதற்கு முதலில் 15 ஆண்டு அவகாசம். பிறகு அது 2002க்கு முன்தள்ளப்பட்டது.

அப்போது ஆசியான் நாடுகள் ஒன்றோடொன்று செய்த வர்த்தகம் கொஞ்சம்தான். அப்படின்னா எதுக்கு இந்த அவசரம்? வெளிநாட்டு முதலீடு கைநழுவிப் போய்விடுமோ என்ற பயம். சீனா ஒரு பக்கம், ஒன்றிணையும் ஐரோப்பா இன்னொரு பக்கம். சின்னச் சின்னச் சந்தைகளைச் சேர்த்து ஒரே பெரிய சந்தையாகக் காட்ட வேண்டியிருந்தது.

பத்தாண்டு இடைவெளி

கதை அதோடு முடியவில்லை என்கிறார் நேசதுரை. 1998இல் கையெழுத்தான ஆசியான் முதலீட்டு வட்டார ஒப்பந்தத்தைப் பாருங்கள். ஆசியான் முதலீட்டாளர்களை உள்நாட்டு நிறுவனங்களைப் போலவே நடத்துவதற்கு 2010 வரை கெடு. மற்ற வெளிநாட்டவருக்கோ 2020.

அந்தப் பத்தாண்டு சும்மா வந்ததல்ல. உலகின் பெரிய நிறுவனங்கள் முழுமையாக உள்ளே வருவதற்குள் உள்ளூர் நிறுவனங்கள் வளர்ந்துகொள்ளட்டும் என்ற கணக்கு அதில் இருந்தது. வளர்ச்சி நோக்குடைய வட்டாரவாதம் என்று அதை அவர் அழைக்கிறார். உலகமயத்தை எதிர்ப்பதும் இல்லை, அப்படியே ஏற்றுக்கொள்வதும் இல்லை.

புரோட்டோன் வந்த கதை

இந்த இழுபறி நன்றாகத் தெரிந்த இடம் கார்தான். சிங்கப்பூரில் கார் வரி என்றால் சாலை நெரிசலைப் பற்றிப் பேசுவோம். மலேசியாவில் அது தொழிற்சாலையைப் பற்றிய பேச்சு.

1983இல் தொடங்கிய புரோட்டோன், தேசியக் கார் நிறுவனம் மட்டுமல்ல. பூமிபுத்ரா தொழில்முனைவர்களை உருவாக்கும் கொள்கையும் அதில் பின்னியிருந்தது. உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறு நிறுவனங்கள் அதை நம்பியிருந்தன. இறக்குமதிக் கார்களுக்குப் போட்ட அதிக வரிதான் அதற்குப் பாதுகாப்பு வேலி.

2000இல் மலேசியா, கார்களுக்கான வரிக் குறைப்பை 2005 வரை தள்ளிப்போடக் கேட்டது. வெளிநாட்டுக் கார் நிறுவனங்களை வரவேற்றுத் தொழிலை வளர்த்திருந்த தாய்லந்து விடவில்லை. இழப்பீடு கேட்டது. கடைசியில் மலேசியாவுக்கு அவகாசம் கிடைத்தது.

அரசியலில் முக்கியமான நிறுவனம் என்றால் ஒப்பந்தமே வளைந்து கொடுக்கும். நேசதுரையின் ஆய்வை வாசித்தால் புரிவது அதுதான். வேலிக்கான காசு கார் வாங்கியவரின் சட்டைப் பையிலிருந்து போனது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

2004இல் மலேசியா இறக்குமதி வரியைக் குறைக்கத் தொடங்கியபோது கலால் வரியை உயர்த்தியது. 2017இல் புரோட்டோனின் 49.9 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது சீனாவின் ஜீலி.