நாவை அறுத்துக் கொடுத்தவள்

டென்மார்க் தேசத்தின் தலைநகரான கோபன்ஹேகனுக்கு என்றாவது நீங்கள் போக நேர்ந்தால், ஒரு சின்ன ஏமாற்றத்துக்கு இப்போதே மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். துறைமுகத்தில், பழைய கோட்டையை ஒட்டி, லாங்கலினி என்ற நடைபாதை போகிறது. உலகப் பிரசித்தி பெற்ற கடற்கன்னிச் சிலை அங்கேதான் இருக்கிறது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றீர்களானால், "அட, இவ்வளவுதானா!" என்ற வார்த்தை தானாக வாயில் வரும். உயரம் நாலடிக்குச் சற்று அதிகம். எடை 175 கிலோ. கரையோரப் பாறை ஒன்றின்மேல், யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல், வெண்கலத்தில் ஒரு சிறு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான்.

அவசரப்பட்டுத் திரும்பிவிடாதீர்கள். அவள் கால்களைக் கவனியுங்கள். கடற்கன்னி என்றால் இடுப்புக்குக் கீழே மீன் என்றுதானே நினைக்கிறோம்? இவளுக்குத் தொடை உண்டு, முழங்கால் உண்டு. அதற்கும் கீழே போகப் போகத்தான் கால்கள் துடுப்பாக மாறுகின்றன. பாதி மாறிய பெண்! கடலுக்கும் சொந்தமில்லை, கரைக்கும் சொந்தமில்லை.

கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1837-ல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்ஸன் எழுதியது. கடலரசனுக்கு ஆறு பெண்கள். கடைசிப் பெண் பதினைந்து வயதில் முதன் முறையாகக் கடலுக்கு மேலே தலையை நீட்டுகிறாள். கப்பல் உடைந்து தத்தளிக்கும் இளவரசனைக் காப்பாற்றிக் கரை சேர்க்கிறாள்; மனத்தையும் பறிகொடுக்கிறாள். கடல் ஜாதிக்கு முந்நூறு வருஷ ஆயுள் உண்டு, ஆனால் ஆத்மா இல்லை. செத்தால் வெறும் நுரை. ஒரு மனிதன் அவளை மனமார நேசித்துக் கைப்பிடித்தால் ஆத்மா கிட்டும். ஆகவே சூனியக்காரியிடம் போய்க் கால்கள் கேட்கிறாள். விலை என்ன தெரியுமா? அவள் குரல்! கடலுக்கடியிலேயே இனிமையான அந்தக் குரலுக்காக நாவை அறுத்துக்கொள்கிறாள் சூனியக்காரி. ஒவ்வோர் அடியும் கத்திமேல் நடப்பது போல் வலிக்கும் என்ற நிபந்தனை வேறு. இளவரசனோ, தன்னைக் காப்பாற்றியவள் வேறொருத்தி என்று எண்ணி அவளை மணக்கிறான். "நான்தான்!" என்று சொல்ல இவளுக்கு நாக்கு ஏது?

இதை வெறும் குழந்தைக் கதை என்று ஆண்டர்ஸனின் வரலாறு தெரிந்தவர்கள் தள்ளிவிட மாட்டார்கள். செருப்புத் தைக்கிறவரின் மகன் அவர். தாயார் ஊராருக்குத் துணி வெளுத்தவர். பதினாலு வயதில், 1819-ல், ஓடென்ஸே என்ற ஊரிலிருந்து தனியாகக் கோபன்ஹேகன் வந்து சேர்ந்தார். கையில் காசில்லை. இருந்த ஒரே சொத்து நல்ல சாரீரம். அதை நம்பித்தான் பாட்டு வாத்தியாரும் சேர்த்துக்கொண்டார். பெரிய மனிதர்களும் கதவைத் திறந்தார்கள். சில மாதங்களுக்குள் குரல் உடைந்தது. திறந்த கதவுகள் மூடத் தொடங்கின. குரலை இழந்து அந்நிய அரண்மனையில் நிற்கும் பெண்ணை எழுத அவர் வெகு தூரம் தேடிப் போயிருக்க வேண்டியதில்லை.

கதைக்குப் பின்னால் அந்த நாட்டாரின் பழங்கதை ஒன்றும் இருக்கிறது. ஆக்னெட்டெ என்ற பெண்ணைக் கடல் மனிதன் ஒருவன் ஆசைகாட்டி அழைத்துப் போகிறான். எட்டு வருஷம் கடலுக்கடியில் குடித்தனம். ஏழு ஆண் குழந்தைகள். ஒருநாள் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருக்கும்போது மேலே மாதாகோயில் மணி கேட்கிறது. ஒருமுறை போய்த் தொழுதுவிட்டு வருகிறேன் என்று கரையேறுகிறாள். திரும்பவில்லை. பிள்ளைகள் அழுகிறார்கள் என்று அவன் வந்து மன்றாடியும் அவள் இறங்கிப் போகவில்லை. ஆண்டர்ஸன் இதை முதலில் நாடகமாக எழுதிப் பார்த்தார்; யாரும் ரசிக்கவில்லை. சில வருஷம் கழித்துக் கரையிலிருந்து கடலுக்குப் போனவளைக் கடலிலிருந்து கரைக்கு வருகிறவளாகத் திருப்பிப் போட்டுவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சிலை பிறந்தது ஒரு நாட்டியத்தால். 1909-ல் ராயல் தியேட்டரில் இந்தக் கதையைப் பாலே நடனமாக ஆடினார்கள். ஊமைப் பெண் வேஷத்துக்கு, பேச்சே இல்லாத நாட்டியத்தைவிடப் பொருத்தம் வேறு உண்டா? பார்த்து உருகிப்போனவர் கார்ல்ஸ்பெர்க் மதுவாலை அதிபர் கார்ல் ஜேகப்ஸன். எட்வர்ட் எரிக்ஸன் என்ற சிற்பியிடம் சிலை வடிக்கச் சொன்னார். ஆடிய எல்லென் பிரைஸ் அம்மையார் ஆடையின்றி முன்னால் உட்கார மறுத்துவிட்டார். ஆகவே முகம் நாட்டியக்காரியினுடையது, உடல் சிற்பியின் மனைவி எலினுடையது என்று சொல்லி வருகிறார்கள். 1913 ஆகஸ்டு 23-ந் தேதி திறப்பு விழா. ஐந்தாம் மாதமே ஜேகப்ஸன் காலமானார்.

பிறகு வந்ததுதான் கஷ்டகாலம். 1964 ஏப்ரலில் யாரோ இருளில் வந்து ரம்பத்தால் கழுத்தை அறுத்துத் தலையைக் கொண்டுபோய்விட்டார்கள். நாடே துக்கப்பட்டது. அந்தத் தலை இன்றுவரை கிடைக்கவில்லை. பழைய அச்சிலிருந்து வேறு வார்த்து வைத்தார்கள். எல்லென் அம்மையார் அப்போது எண்பத்தைந்து வயதில் உயிரோடிருந்தார். தம் முகம் என்று ஊர் சொல்லும் முகம் களவு போன செய்தியை அவர் எப்படித் தாங்கினாரோ! 1984-ல் வலது கையை அறுத்தார்கள். அது இரண்டு நாளில் திரும்பியது. 1998-ல் மறுபடியும் தலை, அதுவும் கிடைத்தது. 2003-ல் வெடி வைத்துப் பாறையிலிருந்தே பெயர்த்துத் தள்ளினார்கள். சாயம் ஊற்றியவர்களுக்குக் கணக்கில்லை. எந்தக் கட்சிக்காரருக்கு எந்த மனத்தாங்கல் வந்தாலும், பதில் பேச முடியாத இவளிடம்தானா வர வேண்டும்?

2010-ல் மட்டும் சில மாதம் ஊரை விட்டுப் போயிருந்தாள், ஷாங்காய் பொருட்காட்சிக்கு.

சிலையைப் பார்த்து முடித்தவர்கள் நகருக்குள் ஹோய்ப்ரோ என்ற பாலத்துக்கும் போய் வாருங்கள். கைப்பிடிச் சுவரோரமாகக் குனிந்து கால்வாய்க்குள் பார்க்க வேண்டும். தண்ணீர் தெளிந்திருந்தால் அடியில் வெண்கல உருவங்கள் தெரியும்: கடல் மனிதனும் அவன் ஏழு பிள்ளைகளும். சுஸ்தே பொன்னென் என்ற பெண் சிற்பி 1992-ல் அமைத்தது. ஆக்னெட்டெயைத் திரும்பி வரச் சொல்லிக் கைகளை மேலே நீட்டியிருக்கிறார்கள். அவள் சிலை அங்கே இல்லை.